நிதி நிறுவனத்தில் பயிலுநராகச் சேர முன்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் வன்னிப் பிள்ளைகள் பலர் தேடிப்போகும் இடங்களில் ஒன்று நிதி நிறுவனக் கிளை. கழுத்துப்பட்டி கட்டிய வேலை என்பதால் வீட்டாருக்கும் விருப்பம்.

வங்கியில் பயிலுநரின் வேலை பெரும்பாலும் கருமபீடத்தோடு முடிந்துவிடும். லீசிங், நுண்கடன் நிறுவனங்களில் அப்படியல்ல. மோட்டார் சைக்கிளில் ஊரூராகப் போய்த் தவணைப் பணம் அறவிடுவதையும் அங்கே பயிற்சி என்கிறார்கள். யுத்தத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணின் முற்றத்தில், 19 வயதுப் பிள்ளை காசு கேட்டு நிற்கவேண்டி வரும். அவர் பள்ளித் தோழனின் தாயாகவும் இருக்கலாம். வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் கட்டமுடியாமல் நிலுவையில் வைத்திருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முன்வந்தது. நிலைமை அவ்வளவு மோசம்.

ஆகவே கையெழுத்திட முன் கேளுங்கள்: அறவீட்டு இலக்கு உண்டா? பெற்றோல் காசு யாருடையது? வராத தவணையை உங்கள் சம்பளத்தில் கழிப்பார்களா? நிறுவனம் அனுமதிப்பத்திரம் பெற்றதா என்பதை மத்திய வங்கியின் இணையத்தளப் பட்டியலில் பார்க்கலாம்.

“பயிலுநர்தானே, சேமலாப நிதி இல்லை” என்றால் அது பிழை. சம்பளம் பெறும் பயிலுநருக்கும் முதல் நாளிலிருந்தே அந்த உரித்து உண்டு. உங்கள் பங்கு 8 வீதம், தொழில்தருநரின் பங்கு 12 வீதம். நம்பிக்கை நிதிக்கான 3 வீதத்தையும் அவரே செலுத்தவேண்டும். செலுத்தாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். சம்பளத் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள்.