உப்புக் காற்றில் நின்ற வண்டி

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பார். நோயறிவதற்கு மாட்டு வாகடம் என்ற ஏடுகளும் நம்மவரிடையே இருந்தன. ஆனால், ஒருவர் ஓடிக் கழித்த மோட்டார் சைக்கிளை வாங்கப் போகிறவருக்கு ஏடுமில்லை, வாகடமுமில்லை. அதிலும் அவ்வண்டி, பந்தயக் குதிரைபோல முன்னோக்கிக் குனிந்து நிற்கும் இளைஞர் வண்டியாக இருந்துவிட்டால், வாங்குபவரின் கண் அதன் நிறத்திலும் வடிவிலும் மயங்கிவிடும். பார்க்க வேண்டியதைப் பாராமலே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார்.

என் மருமகனுக்குப் பூநகரிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் ஆசிரிய நியமனம் கிடைத்தது. நாவற்குழி, கேரதீவு வழியாகச் சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டி நாள்தோறும் போய்வர வேண்டும். 2011 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 288 மீற்றர்தான். எனினும், சோழகம் வீசும் மாதங்களில் அதைக் கடக்கிற ஈருருளிக்காரர் ஒவ்வொருவரும் தம் வண்டியின் சமநிலையை அங்கே அறிந்துகொள்வர். தகப்பனை இழந்த பிள்ளை. சீட்டுப் பிடித்துச் சேர்த்த ஐந்தரை இலட்சம் ரூபாயை என் கையில் வைத்து, "அண்ணை, அவன் கேக்கிறதைப் பாத்து வாங்கிக் குடுங்கோ, ஆனா எனக்கு அவன் திரும்பி வரவேணும்" என்றாள் தங்கை. நாற்பதாண்டு விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு இதைவிடக் கடினமான வினாத்தாள் எவரும் தந்ததில்லை.

புதிய வண்டி வாங்குவது அப்பணத்தில் ஆகாத காரியம். 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் தேவைக்கு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை, வயது ஏற ஏறத் தானும் ஏறிற்று. இரும்பு முதுமையடைந்து விலை கூடிய விந்தையை நம் நாட்டில் கண்டோம்! 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில், வாரத்துக்கு நாலு லீற்றர் பெற்றோல் என்ற பங்கீட்டை வைத்துக்கொண்டு மக்கள் அந்த வண்டிகளைக் கண்ணுக்குள் வைத்துக் காத்ததும் நினைவில் இருக்கும்.

மருமகனின் மனம் முதலில் போய் ஒட்டிக்கொண்டது, நகரில் அவன் கண்ட ஹொண்டா சி.பி.ஆர். 250 ஆர்.ஆர். ஒன்றில். 1990 ஆம் ஆண்டில் யப்பானில் வெளிவந்த அவ்வகை, 250 சி.சி.க்குள் நான்கு சிலிண்டர்களை அடக்கியது. நிமிடத்துக்குப் பத்தொன்பதாயிரம் சுழற்சி வரை எஞ்சினைச் சுழலவிடலாம் என்று அதன் மானி காட்டும். அது ஓடுகிற ஒலியைக் கேட்டபோது நானும் சற்று மயங்கினேன் என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான்கு சிலிண்டருக்கு நான்கு கார்பரேற்றர். நான்கும் ஒரே மூச்சாக மூச்சுவிட வேண்டும். ஒன்றின் துளையில் பழைய பெற்றோலின் பிசின் அடைத்தாலும் நான்கையும் கழற்ற வேண்டும். உதிரிப்பாகத்துக்குக் கடல்கடந்து ஆளனுப்ப வேண்டும். அது விடுமுறை நாளில் துடைத்து வைத்து மகிழ்வதற்கான வண்டி. பள்ளிக்கூட மணிக்கு முன் பூநகரி சேர்வதற்கான வண்டியன்று.

அதன் பின்னர்தான் குருநகரில் யமஹா ஆர் 15 ஒன்று நிற்பதாகத் தகவல் வந்தது. 150 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், நீரால் குளிரும் எஞ்சின், கார்பரேற்றருக்குப் பதிலாக எரிபொருளைத் தெளித்துவிடும் பொறி. 2008 இல் இந்தியாவில் அறிமுகமான அவ்வகையின் இரண்டாம் பதிப்பு இது. பாகங்கள் இங்கேயே கிடைக்கும்.

கரையூர் என்று பழையவர்கள் வழங்கிய குருநகரை அறியாதார் யாழ்ப்பாணத்தில் இல்லை. புனித யாகப்பர் ஆலயமும், தொடர்மாடி வீடுகளும், இறங்குதுறையில் வரிசையாகக் கட்டிய படகுகளுமாகக் கடலோடு ஒட்டிய ஊர். அங்கே காற்றில் உப்பு இருக்கிறது. மனிதருக்கு நல்லதோ என்னவோ, இரும்புக்கு அது நஞ்சு. வண்டி ஒரு மீனவர் வீட்டுப் பின்புறத்தில் படங்கு மூடி நின்றது. வெளிநாடு போன மகனின் வண்டி. படகு எஞ்சினுக்குப் பட்ட கடனை அடைக்க அதை விற்கிறார் தகப்பன். வந்தவுடனே, "இண்டைக்கு நான் இன்னும் ஸ்ராட் பண்ணேல்லை மாஸ்ரர்" என்றார். குளிர்ந்த எஞ்சினே உண்மை பேசும் என்பதை அறிந்த நேர்மை அது.

என்னுடன் வந்த மெக்கானிக் படகு எஞ்சின்களில் தொழில் பழகியவர், அறுபதைத் தாண்டியவர். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின்பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதபோது, சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஊர் முழுதையும் ஓட வைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. "இந்த வண்டி மண்ணெண்ணெய் குடியாது மாஸ்ரர்" என்று சிரித்துக்கொண்டே படங்கை விலக்கினார்.

அவர் பார்த்த முறையை நேயர்களுக்குச் சொல்லுதல் தகும். முதலில் முன் சில்லைத் தாங்கும் இரு குழல்கள். பளபளப்பில் மிளகளவு துருப்புள்ளிகள் கண்டார். அப்புள்ளி ஒயில்சீலை அறுக்கும். ஒயில் வழிந்து பிறேக்கில் படும். அடுத்துக் கழுத்தடி: கைப்பிடி அளவுக்கு மீறித் திரும்பாதபடி தடுக்கும் சிறு குமிழ் நசுங்கி, அதன்மேல் புதுவர்ணம் பூசியிருந்தது. "வண்டி விழுந்திருக்கு. விழாத வண்டி எங்க கிடக்குது? எப்பிடி விழுந்தது எண்டுதான் பாக்கவேணும்" என்றவர், வீட்டுக்காரரிடமே தங்கூசி நூல் கேட்டு வாங்கினார். பின் ரயரின் இருபக்கமும் தொட்டு நூலை முன்னே இழுத்துப் பிடித்தோம். பின் ரயரின் அகலம் 130 மில்லிமீற்றர். முன் ரயர் 90. எனவே சட்டம் கோணாத வண்டியில், முன் ரயருக்கும் நூலுக்கும் இடையே இருபுறமும் இருபது மில்லிமீற்றர் வரையில் சமமாக இடைவெளி நிற்க வேண்டும். நின்றது. வலைஞர் நூலால் கேத்திரகணிதம் மெய்ப்பட்டதைக் கண்டு எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி.

ரயரின் பக்கத்தில் 1816 என்று பொறித்திருந்தது. 2016 ஆம் ஆண்டின் பதினெட்டாம் வாரத்தில் செய்தது என்பது பொருள். பள்ளங்கள் ஆழமாகத்தான் இருந்தன. ஆனால் றப்பர் இறுகிக் கீறல் விட்டிருந்தது. பிறேக் எண்ணெய் தேயிலைச் சாயம்போலக் கறுத்திருந்தது. அது காற்றிலுள்ள நீரை உறிஞ்சும் தன்மையது, நீர் ஏறினால் சூட்டில் கொதித்துப் பிறேக்கைக் கைவிடும். எஞ்சினை எழுப்பியபோது நீலப்புகை வரவில்லை. இது முக்கியம். இவ்வகைச் சிலிண்டருக்கு இரும்பு உள்ளுறை இல்லை; சிலிக்கன் கலந்த அலுமினியமே சுவர். தேய்ந்தால் பழைய வண்டிகளைப்போலக் கடைந்து பெருப்பிக்க இயலாது, முழுதாக மாற்றவே வேண்டும்.

பதிவுப் புத்தகத்தின் எண்களைக் கழுத்தில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டேன். லீசிங் கடன் முடிந்த கடிதமும் இருந்தது. கடன் நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் நிற்கிற வண்டியை வாங்குவது, ஈட்டுக் காணியில் வீடு கட்டுவது போன்றது.

திருத்தமா, அலங்காரமா என்ற வழக்கு அதன்பின் எழுந்தது. கையில் எஞ்சக்கூடியது எண்பதினாயிரம். மருமகன் அகன்ற பின் ரயர் கேட்டான். மகன் மாட்டிவிட்டுப் போன இரைச்சல் சைலன்சர் அப்படியே இருக்கட்டும் என்றான். முன் பற்சில்லைச் சிறிதாக்கினால் வண்டி பாயும் என்றான். பாயும், உண்மைதான். ஆனால் உச்ச வேகம் குறையும், எஞ்சின் எந்நேரமும் கூடுதலாகச் சுழலும். அகன்ற ரயரை ஒடுங்கிய றிம்மில் ஏற்றினால் அதன் வளைவு மாறி, சரிந்து திரும்பும் இயல்பு கெடும். சைலன்சரைப் பற்றி மெக்கானிக் வேறு விதமாகச் சொன்னார்: "தம்பி, நீ படிப்பிக்கப் போற பள்ளிக்கூடத்துப் பிள்ளையள், வாத்தியார் வாறதை ரண்டு கட்டைக்கு முன்னமே கேக்கும். பொலிஸும் கேக்கும்."

பையன் சிரித்தான், ஆனால் விடவில்லை. "வீதியில என்னை ஆக்கள் கவனிக்கவேணும் மாமா, அதுவும் பாதுகாப்புத்தானே?" என்றான். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு என்றே எனக்குப் பட்டது. ஆயினும் பூநகரி வீதியில் மாலைக் கருக்கலில் குறுக்கே நிற்கும் எருமைக்குச் சைலன்சர் சத்தம் ஒரு பொருட்டன்று. இவ்வகையில் சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் மின்கருவியும் இல்லை. அங்கே வேண்டியது பிடிக்கிற பிறேக்கும், நிலத்தைக் கவ்வுகிற ரயரும்.

ஆகவே பட்டியல் இப்படி அமைந்தது: கம்பெனி அளவிலேயே இரண்டு புது ரயர், முன் குழல்களும் ஒயில்சீலும், பிறேக் எண்ணெயும் கட்டைகளும், செயினும் இரு பற்சில்லுகளும், கூலன்ற் மாற்றம். அலங்காரமென ஒன்றை மட்டும் அனுமதித்தேன்: முன் பிறேக்குக்கு உருக்குக் கம்பி பின்னிய குழாய். அதில் அழகும் உண்டு, அழுத்தம் வீணாகாமையும் உண்டு.

விலையில் முப்பதினாயிரம் குறைக்கும்படி மெக்கானிக் கேட்டார். வீட்டுக்காரர் சிறிது நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, குறைப்பது இருபது என்றும், மிச்சத்துக்கு ஒன்று தருவதாகவும் சொல்லி உள்ளே போனார். பழைய வலைத்துண்டில் சுற்றி, பரணில் ஏற்றி வைத்திருந்த பொதியொன்றைக் கொண்டுவந்து திண்ணையில் அவிழ்த்தார். கம்பெனி பூட்டிவிட்ட அசல் சைலன்சர். எண்ணெய் பூசிக் காத்திருந்தார். ஒரு புள்ளித் துரு இல்லை.

"அவன் கழட்டி எறிஞ்சவன். நான்தான் எடுத்து வைச்சனான்" என்றார்.

மருமகன் அதை இரு கையாலும் வாங்கி, மெக்கானிக்கின் ஓட்டோவில் தானே ஏற்றினான்.