மயான காண்டம் கடைசி வரிசைக்குக் கேட்டது எப்படி?

அரிச்சந்திரனுக்குச் சுடலையில் காவல் வேலை. பாம்பு தீண்டி இறந்த பிள்ளையைச் சுமந்துகொண்டு ஒருத்தி வருகிறாள். கூலி தராமல் எரிக்க முடியாது என்கிறான். வந்தவள் தன் மனைவி சந்திரமதி என்பது அவனுக்குத் தெரியாது. கணவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் தாலியை அவள் கழுத்தில் அவன் காணும்வரை அந்தத் தர்க்கம் நீள்கிறது. சொன்னால் ஐந்து நிமிடத்துக் கதை. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989) இதைப் பாட்டாலேயே மணிக்கணக்காக இழுத்துச் சென்றார். அவருடைய வசந்த கான சபா 'அரிச்சந்திர மயான காண்டம்' நாடகத்தை 3000 தடவைக்கு மேல் மேடையேற்றியதாகச் சொல்வார்கள். முடிவு தெரிந்த சனம்தான் பாயும் கையுமாகக் கோயில் வீதியில் இடம்பிடித்தது.

இந்த இசை நாடகம் தமிழகக் குழுக்களோடு கடல் கடந்து இலங்கைக்கு வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் உருக்கொடுத்த மரபு அது. யாழ்ப்பாணத்தார் 'கொட்டகைக் கூத்து' என்றார்கள். 'டிறாமா மோடி' என்றும் சொன்னார்கள். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்ததே 1926இல் இலங்கை மேடையில்தான். அந்தத் தலைமுறைக்கு மைக் கிடையாது. உயர்ந்த சுருதியில் அவர்கள் பாடிய விதத்தைப் பிறகு வந்தவர்கள் 'கத்தல்' என்று சிரித்ததுண்டு. சிரித்தவர்கள் கடைசி வரிசையில் இருந்து கேட்டிருக்கமாட்டார்கள்.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. ஐந்து மீட்டரில் இருப்பவரைவிட நாற்பது மீட்டரில் இருப்பவருக்கு 18 டெசிபெல் குறைவு. சுவரும் கூரையும் இருந்தால் எதிரொலி கொஞ்சம் ஈடுகட்டும். கோயில் வீதியில் அந்த உதவி கிடைக்காது. பாடகர் தொண்டையால்தான் ஈடுகட்ட வேண்டும். ஆனால் தொண்டையின் பலத்துக்கு எல்லை உண்டு. இங்கேதான் அந்த உயர்ந்த சுருதி வேலை செய்கிறது.

நாலரைக் கட்டையில் பாடும் ஆணின் மேல் ஷட்ஜமம் சுமார் 370 ஹெர்ட்ஸ். குரல் ஒற்றை அதிர்வல்ல. அதன் இரண்டு மடங்கான 740, மூன்று மடங்கான 1110 என்று மேலே அடுக்கடுக்காக அதிர்வுகள் கூடவே பிறக்கின்றன. வாயை அகலத் திறந்து 'ஆ' என்னும்போது தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் ஏறத்தாழ 700 ஹெர்ட்ஸை ஒட்டித் தானாக அதிரும். மேல் ஷட்ஜமத்தின் இரண்டாம் அடுக்கு அந்த இடத்திலேயே போய் விழுகிறது. அதே மூச்சு, அதே உழைப்பு, ஆனால் ஒலி பெருகி வெளியேறுகிறது. கீழ்ச் சுருதியில் இந்தப் பொருத்தம் இவ்வளவு எளிதில் வாய்க்காது. நாடகம் பழக்கிய எந்த அண்ணாவியாரும் ஹெர்ட்ஸ் கணக்குப் பார்த்து இதைப் பழக்கவில்லை. கடைசி வரிசைக்குக் கேட்ட குரல் அடுத்த திருவிழாவுக்கும் அழைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

ஒலி போய்ச் சேர்ந்தால் போதாது, சொல்லும் சேர வேண்டும். ககர, சகர, தகர மெய்கள் பலவீனமானவை. தூரத்தில் முதலில் கரைந்துபோவது அவைதான். உயிரெழுத்து தாங்கும். விருத்தம் பாடும் நடிகர் செய்வதைக் கவனியுங்கள். தாளத்தைத் தள்ளி வைத்துவிட்டு வரியை முதலில் சொல் சொல்லாகத் தெளிவாக வைப்பார். பிறகே கடைசி உயிரைப் பிடித்து அழுகையாக இழுப்பார். செய்தி முன்னால், துக்கம் பின்னால். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியை ஆர்மோனியம் நிரப்பிவிடும்.

மீதியைக் கேட்பவரின் மூளை செய்கிறது. 1970இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன், பதிவுசெய்த வாக்கியமொன்றில் ஓர் ஒலியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் இருமலை ஒட்டினார். கேட்டவர்களுக்கு ஒலி விடுபட்டதே தெரியவில்லை. இல்லாததை மூளை இட்டு நிரப்பியிருந்தது. எதிர்பார்ப்பு உள்ள இடத்தில் இது நன்றாக நடக்கும். அரிச்சந்திரன் கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த சனத்துக்கு, காற்றில் தொலைந்த எழுத்துகள் தொலைந்தவையே அல்ல. தெரிந்த கதையையே திரும்பத் திரும்ப மேடையேற்றியதில் பக்தி மட்டுமில்லை, கேட்கும் வசதியும் இருந்திருக்கிறது.

இரவும் துணைக்கு வந்தது. பகலில் சூடான நிலத்தை ஒட்டிய காற்றில் ஒலி வேகமாகப் போகும். அதனால் மேல்நோக்கி வளைந்து, தொலைவில் இருப்பவர் தலைக்கு மேலே போய்விடும். அமைதியான, தெளிந்த இரவில் தரை முதலில் குளிர்கிறது. மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருப்பதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து மண்ணை ஒட்டியே ஓடும். குன்றே இல்லாத சுண்ணாம்புக்கல் தரையான யாழ்ப்பாணக் குடாநாட்டில் தடுப்பாரும் இல்லை. அடுத்த ஊர்க் கோயில் நாதஸ்வரம் நடுச்சாமத்தில் படுக்கைவரை வருவது இதனால்தான். இரவில் ஆடியதற்குத் தோட்ட வேலையும் வெயிலுமே முதற்காரணம். இயற்பியல் இனாமாகக் கிடைத்தது.

மைக் வந்தபோது இந்தப் பாணி மறைந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்து சேர்ந்தது மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி. அதன் வாய் சிறியது. தாழ்ந்த அதிர்வுகளை அதனால் வெளியே தள்ள முடியாது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பகுதியை விழுங்கிவிடும். மென்மையாக, கனமாகப் பாடும் குரல் அதில் சளி பிடித்ததுபோல் வரும். 700க்கு மேலே பலத்தைக் குவித்துப் பழகிய கொட்டகைக் குரலுக்கு அந்தக் கூம்பு தனக்கென்றே செய்ததுபோல் பொருந்திப்போனது.