பென்சிலில் எழுதிய பெயர்

பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, தெருமுனை லெண்டிங் லைப்ரரியிலிருந்து அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' எடுத்து வந்தேன். ராத்திரி சாப்பாட்டை முடித்து, ஃபேனுக்கு அடியில் படுத்து, ஆசையாகப் பிரித்தால்... முதல் பக்கத்தின் உச்சியில் யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான், 'கொலை செய்தது இன்னார்' என்று. பெயரோடு!

பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த பிறகு 'பாயசம் தீர்ந்து போச்சு' என்றால் எப்படி இருக்கும்? ஆனாலும் வாடகை கொடுத்தாயிற்றே. காமர்ஸ் படிக்கிறவனுக்குக் கொடுத்த காசு முக்கியம். படித்தேன். ஊரெல்லாம் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு படிக்கிற கதையை, நான் ஒரே ஆளை முறைத்துக்கொண்டு படித்தேன். அந்த ஆள் இருமினால்கூட 'ஆஹா, என்ன நடிப்பு!' என்று தோன்றியது. கடைசி அத்தியாயம் வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

பென்சில் ஆசாமி எழுதியிருந்த பெயர் தப்பு!

எனக்கு வந்த கோபம் அவன் மேல் இல்லை, கிறிஸ்டி அம்மாள் மேல். இது அழுகுணி ஆட்டம், செல்லாது என்று கத்த வேண்டும் போல இருந்தது. (நிஜக் கொலையாளி யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். நானும் பென்சில் ஆசாமி ஆக விரும்பவில்லை.) 1926-ல் புத்தகம் வெளியானபோது இங்கிலாந்திலும் இதே சண்டைதான். வாசகரை ஏமாற்றிவிட்டார் என்று ஒரு கட்சி, ஏமாந்தது உங்கள் தப்பு என்று இன்னொரு கட்சி. அந்த ஐடியாவை கிறிஸ்டியிடம் சொன்னவர் அவருடைய அக்கா கணவர். அதையே தனியாகக் கடிதத்தில் எழுதிப் போட்ட இன்னொருவர், லூயிஸ் மவுண்ட்பேட்டன். ஆமாம் ஸார், 1947-ல் நமக்குக் கடைசி வைஸ்ராயாக வந்தாரே, அவரேதான்.

ஏமாற்றக் கூடாது என்பதில் அந்தக் காலத்து ஆங்கில எழுத்தாளர்கள் ரொம்பவே கறாராக இருந்தார்கள். ரொனால்ட் நாக்ஸ் என்று ஒரு பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதினவர், 1929-ல் பத்துக் கட்டளைகளே போட்டுவிட்டார். பேய், பிசாசு கூடாது. ரகசியச் சுரங்க வழி ஒன்றுக்கு மேல் கூடாது. யாரும் கேள்விப்படாத விஷம் கூடாது. முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று இரட்டைப் பிள்ளைகளை இறக்கக் கூடாது. (இந்த ஒரு விதியை நம் சினிமாவுக்குப் போட்டிருந்தால் பாதி படம் வந்திருக்காது.) 1930-ல் லண்டனில் 'டிடெக்‌ஷன் கிளப்' ஆரம்பித்தார்கள். முதல் தலைவர் செஸ்டர்டன். புது மெம்பர்கள் ஒரு மண்டையோட்டை சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். முக்கியமான துப்பு எதையும் வாசகரிடமிருந்து மறைக்க மாட்டேன் என்பது அந்தச் சத்தியத்தில் ஒன்று.

இந்தச் சட்டப்படி பார்த்தால் ஷெர்லக் ஹோம்ஸே சிக்கலில் மாட்டுவார். தரையிலிருந்து எதையோ பொறுக்கி பர்ஸில் வைத்துக்கொள்வார். என்ன அது என்று கேட்டால் சிரிப்பார். அப்புறம் 1892-ல் வந்த 'ஸ்பெக்கிள்ட் பேண்ட்'. (நூற்று முப்பது வருஷத்துக் கதை, முடிவைச் சொல்வதில் பாவம் இல்லை.) அதில் கொலைக் கருவி ஒரு இந்தியப் பாம்பு. அப்படி ஒரு ஜாதிப் பாம்பு இந்தியாவில் எங்கும் கிடையாது. அது மணிக்கயிற்றில் சரசரவென்று ஏறி இறங்குகிறது. விசில் அடித்தால் திரும்பி வருகிறது. சம்பளமாக ஒரு கிண்ணம் பால். புற்றுக்குப் பால் ஊற்றுகிற நம் பாட்டிமார் மட்டும்தான் இதை நம்புவார்கள். ஆனால் 1927-ல் தன் ஹோம்ஸ் கதைகளை டாயில் வரிசைப்படுத்தியபோது முதல் இடம் இதற்குத்தான் கொடுத்தார். எனக்கும் பிடிக்கும். நடுராத்திரி அந்த இருட்டு அறையில் ஹோம்ஸும் வாட்சனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, பாம்பு பால் குடிக்குமா என்று யார் யோசிப்பார்கள்?

அக்ராய்டுக்கு வருகிறேன். டிகிரி முடித்து ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருஷம் வவுச்சர் பார்த்துப் பச்சை டிக் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்த லெண்டிங் லைப்ரரியை மூடினார்கள். புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள். என் பழைய அக்ராய்ட், பென்சில் எழுத்தோடு அப்படியே கிடந்தது. வாங்கி வந்து, கணக்குப் புத்தகம் மாதிரி இரண்டாம் தடவை படித்தேன். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று தனித்தாளில் எழுதிக்கொண்டு, கிறிஸ்டியை எப்படியாவது பிடித்துவிடுவது என்கிற வெறியோடு.

ஒரு வரி ஸார், ஒரே ஒரு வரிகூடப் பொய் இல்லை! நான் தாண்டிப் போன வாக்கியங்கள் எல்லாம் பட்டப்பகலில் உட்கார்ந்திருந்தன. வரவும் சரி, செலவும் சரி. நான்தான் டிக் போடாமல் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். முதல் உலகப் போரில் டார்க்கியில் மருந்து கலக்கும் வேலை பார்த்த பெண்மணி அவர். துளி கூடினால் ஆளே காலி என்கிற இடத்தில் பழகிய கை, கணக்கு தப்புமா? அவருடைய முதல் நாவலில் விஷத்தைச் சரியாகக் கையாண்டதற்காக மருந்தாளுநர்களின் பத்திரிகையே பாராட்டியிருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு குறை. இந்தக் கதைகளில் பாதிப் பேர் வேலைக்கே போவதில்லை. பெரிய பங்களா, மாமாவின் உயில், பதினோரு மணிக்கு பிரேக்ஃபாஸ்ட். எட்டரை பஸ்ஸைப் பிடிக்கிற நமக்கு எங்கே ஒட்டும்? அப்படிக் கேட்பவர்களுக்கு நான் கொடுப்பது டோரதி ஸேயர்ஸின் 'மர்டர் மஸ்ட் அட்வர்டைஸ்', 1933. ஸேயர்ஸ் ஒன்பது வருஷம் லண்டன் விளம்பரக் கம்பெனி ஒன்றில் வாசகம் எழுதியவர். கதையும் விளம்பர ஆபீஸில்தான். இரும்பு மாடிப்படியில் விழுந்து ஒருத்தன் சாகிறான். அவன் நாற்காலிக்குப் புது ஆள் வருகிறான். டைப்பிஸ்டுகளின் வம்பு, யாருக்கு எந்த ரூம் என்கிற பொருமல், கடைசி நிமிஷத்தில் விளம்பரத்தை மாற்றச் சொல்லும் கிளையன்ட்... நம் ஆபீஸேதான்! நடுவில் வருகிற கொகெயின் கும்பல் விவகாரம் சுமார். அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளலாம். ஆபீஸ் பக்கங்களைத் தள்ளாதீர்கள். துப்பு அங்கேதான் இருக்கிறது.

போன மாசம் நண்பரின் தம்பி, வங்கியில் புதிதாகச் சேர்ந்தவன், "படிக்க ஏதாவது குடுங்கண்ணே" என்று வந்தான். அக்ராய்டைக் கொடுத்தேன். ராத்திரி பத்தரைக்குப் போன்.

"அண்ணே, முதல் பக்கத்துலயே எவனோ கொலைகாரன் பேரை எழுதித் தொலைச்சிருக்கான்ணே!"

"அடப்பாவமே, கவனிக்கலையேப்பா" என்றேன். "சரி விடு. எடுத்தது எடுத்துட்ட. படிச்சு முடிச்சுடு."