பக்கத்து மெஷினில் இருப்பவர்



ஒரு நாளில் நம் முகத்தை அதிக நேரம் பார்ப்பவர் யார்? எட்டு மணி நேரமும், ஓவர்டைம் என்றால் பன்னிரண்டு மணி நேரமும் நம்மோடு இருக்கிற சக தொழிலாளிதான். திருப்பூர் பனியன் கம்பெனியானாலும், ஈரோட்டுத் தறிக் கொட்டகையானாலும் இதுதான் நிலை. வேலை நேரத்தில் ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்தால், அதை முதலில் கண்டுகொள்ளக் கூடியவரும் அவரே.

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள் என்று சினிமாவில் பார்த்திருக்கிறோம். பல நேரங்களில் அது அப்படி வருவதில்லை. நடு நெஞ்சில் பாறையை வைத்ததுபோல ஓர் அழுத்தம். அது இடது கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவும். மின்விசிறிக்குக் கீழே இருந்தும் சட்டை நனைய வியர்க்கும், மூச்சு வாங்கும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல், குமட்டலும் மூச்சுத்திணறலும் சொல்ல முடியாத களைப்பும் மட்டும் வரலாம். “கேஸ்தான் அண்ணே, ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்” என்பார். இந்தப் பேச்சை நம்பி விடாதீர்கள்.

பக்கவாதத்தில் வலி இல்லாமலும் இருக்கலாம். கையிலிருந்த கத்தரி தானாகக் கீழே விழும். நேராக ஓடிய தையல் கோணலாகப் போகும். பேச்சு குழறும். சந்தேகம் வந்தால் மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள்: வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள்: ஒன்று இறங்குகிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள்: குழறுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், உடனே 108-ஐ அழையுங்கள். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். அது பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் எடுத்து, கசிவா அடைப்பா என்று பார்த்த பிறகே அதைப் போடுவார்கள். ஆகவே பக்கவாதம் என்று தோன்றினால் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள்.

மாரடைப்பு என்று சந்தேகம் வந்தவரை நடக்க விடாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நினைவிழந்து மூச்சும் இல்லாமல் விழுந்துவிட்டால், மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

நேயர்களே, பலர் வலியை மறைப்பது அறியாமையால் மட்டும் அல்ல. அரை நாள் கூலி போய்விடும், சூப்பர்வைசர் திட்டுவார் என்ற பயத்தாலும்தான். இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு, போதிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால விடுப்பில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை 70 சதவீதக் கூலி உண்டு. அதையும் அவரிடம் சொல்லுங்கள். மேற்பார்வையாளராக இருப்பவர்களே, “வேலை கிடக்கட்டும், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ” என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, ஒரு குடும்பத்தையே காப்பாற்றலாம்.

நாளை வேலைக்குப் போனதும், பக்கத்தில் இருப்பவரின் முகத்தை ஒரு நிமிடம் நிமிர்ந்து பாருங்கள். அவரும் உங்கள் அயலார்தான்.