கிளினிக்கில் வாயையும் காட்டுங்கள்

ஒரு பிள்ளை பெற்றால் ஒரு பல் போகும் என்று லயத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். வயிற்றுப் பிள்ளை தாயின் பல்லில் உள்ள கல்சியத்தை எடுத்துக்கொள்கிறதாம். அது சரியல்ல தாய்மார்களே. பிள்ளை பல்லிலிருந்து எதையும் எடுப்பதில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு யாரிடமும் காட்டாமல் இருப்பதால்தான் பல் போகிறது.

கர்ப்பகாலத்தில் உடம்பில் சில ஹோர்மோன்கள் கூடுகின்றன. அதனால் பல்லில் அழுக்குப் படிந்திருந்தால் முரசு சீக்கிரம் வீங்கும், பல் விளக்கும்போது இரத்தம் வரும். அதற்குப் பயந்து சிலர் விளக்குவதையே விட்டுவிடுகிறார்கள். வீக்கம் இன்னும் கூடத்தான் செய்யும். மெதுவான பிரஷ்ஷால் காலையும் இரவும் விளக்குங்கள். ஆனால் வாந்தி எடுத்த கையோடு விளக்கக் கூடாது. ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கொப்பளித்து, அரை மணித்தியாலம் பொறுங்கள்.

கிளினிக்கில் நிறை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், வயிற்றைப் பார்க்கிறார்கள். கூட்டம் நிற்கிற நாளில் வாய் மறந்துபோகும். "டாக்டரையா கேக்கல, நாங்களும் சொல்லல" என்பதுதான் பல தாய்மாரின் பதில். டாக்டர்மாரையும் இதில் கொஞ்சம் குறை சொல்லத்தான் வேண்டும். பல் என்றால் பல் வைத்தியர் பாடு என்று விட்டுவிடலாமா? முதல் கிளினிக்கிலேயே வாயைப் பார்த்து, பல் வைத்தியருக்குத் துண்டு எழுதிக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. கர்ப்பிணித் தாய்மாரைப் பற்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் ஏற்பாடு. அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை. டாக்டர் மறந்தால், "ஐயா, வாயையும் ஒருக்கா பாருங்க" என்று நீங்களே கேளுங்கள்.

"வயித்துப் பிள்ளையோட பல்லு புடுங்கக் கூடாது" என்று மாமியார் தடுப்பதும் உண்டு. தேவையானால் பிடுங்கலாம். பல் வைத்தியர் போடும் விறைப்பு ஊசியால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. எத்தனை மாதம் என்பதை மட்டும் அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். 4ஆம் மாதம் முதல் 6ஆம் மாதம் வரை வசதியான காலம். வலியோ வீக்கமோ வந்தால் மாதம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். சீழ் பிடித்துக் காய்ச்சலும் வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

கடையில் வலிக் குளிசை வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்றவை 5ஆம் மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் பாதிக்கலாம். டெட்ராசைக்கிளின் பிள்ளைக்கு முளைக்கப்போகும் பல்லை மஞ்சளாக்கிவிடும். எந்தக் குளிசை என்பதை டாக்டரே சொல்லட்டும்.

அடுத்தது வெற்றிலை. மலையில் பசிக்கும் குளிருக்கும் போடுகிறோம். பல் வலித்தால் புகையிலைத் துண்டை அடக்கி வைக்கிறோம். வலி மரத்துப்போகும், சொத்தை அப்படியே இருக்கும். அந்தப் புகையிலை இரத்தத்தில் கலந்து பிள்ளையின் நிறையைக் குறைக்கிறது. கிளினிக்கில் சிகரட் குடிக்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்கிறோம், அதுவும் உண்மைதான். வெற்றிலைக்குள் இருக்கிற புகையிலையை யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

பல்லுக்காக டவுனுக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாதே என்ற கவலை எங்களுக்கும் தெரியும். கிளினிக் நாளிலேயே பல் வைத்தியரையும் பார்க்க முடியுமா என்று மிட்வைப் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சில ஆஸ்பத்திரிகளில் இரண்டும் ஒரே வளவுக்குள்தான் இருக்கின்றன.