மாறி வந்துள்ள மாநில எல்லைகள்

இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்று நமது அரசியல் சட்டத்தின் முதல் விதி கூறுகிறது. ஒன்றியம் நிலையானது, ஆனால் மாநிலங்களின் எல்லையும் பெயரும் எண்ணிக்கையும் மாறக்கூடியவை.

1950 ஜனவரி 26-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மாநிலங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பழைய மாகாணங்கள் 9 'ஏ' பிரிவிலும், பெரிய சமஸ்தானங்களும் அவற்றின் கூட்டிணைப்புகளும் 8 'பி' பிரிவிலும், சிறு பகுதிகள் 10 'சி' பிரிவிலும், அந்தமான் நிக்கோபார் தீவுகள் 'டி' பிரிவிலும் இடம்பெற்றன. ஆங்கிலேயர் காலப் போர்களும் உடன்படிக்கைகளும் வகுத்த எல்லைகளே பெரும்பாலும் நீடித்தன.

மொழிவழி அமைப்பு

மொழியை மட்டும் அடிப்படையாகக் கொண்டு மாநிலங்களைத் திருத்தியமைப்பது உசிதமல்ல என 1948-இல் தார் குழு கருதியது. ஆயினும் ஆந்திர மாநிலம் கோரி உண்ணாநோன்பு இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-இல் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1-இல், கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் உதயமாயிற்று.

அதே ஆண்டு டிசம்பரில் பசல் அலி தலைமையில் குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோரைக் கொண்ட மாநிலச் சீரமைப்புக் குழு நியமிக்கப்பட்டது. மொழியோடு நாட்டின் ஒற்றுமை, பாதுகாப்பு, நிதி வலிமை, நிர்வாக வசதி ஆகியவற்றையும் அது எடைபோட்டது. 1956 நவம்பர் 1-இல் நால்வகைப் பிரிவு ஒழிந்து, 14 மாநிலங்களும் 6 யூனியன் பிரதேசங்களும் அமைந்தன.

குழுவின் பரிந்துரைகள் அனைத்தும் ஏற்கப்படவில்லை. தெலங்கானாப் பகுதி சிறிது காலம் தனி மாநிலமாக இருந்து, 1961-ஐ ஒட்டிய பொதுத் தேர்தலுக்குப் பின், சட்டமன்றம் மூன்றில் இரு பங்கு பெரும்பான்மையுடன் விரும்பினால் ஆந்திரத்துடன் சேரலாம் என்பது குழுவின் கருத்து. ஆனால் 1956-லேயே இரண்டும் இணைக்கப்பட்டன. 2014 ஜூன் 2-இல் தெலங்கானா மீண்டும் பிரிந்தது.

மூன்றாவது விதி

இம்மாற்றங்களுக்கு வழிவகுப்பது அரசியல் சட்டத்தின் மூன்றாவது விதி. குடியரசுத் தலைவரின் பரிந்துரையுடன் மசோதா கொண்டுவரப்பட வேண்டும். அதன் முன் சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்தின் கருத்து கேட்கப்பட வேண்டும். கருத்துக் கேட்பது கட்டாயம்; அதனை ஏற்பது கட்டாயமன்று. சாதாரணப் பெரும்பான்மையே போதுமானது. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்த பின்னரும் நாடாளுமன்றம் அதனை நிறைவேற்ற முடிந்தது இதனாலேயே.

பிந்தைய மாற்றங்கள்

1960-இல் பம்பாய் மாநிலம் மகாராஷ்டிரம், குஜராத் எனவும், 1966-இல் பஞ்சாபிலிருந்து ஹரியானாவும் மொழி அடிப்படையில் பிரிந்தன. வடகிழக்கில் மலைவாழ் மக்களின் தனித்தன்மை முதன்மை பெற்றது. நாகாலாந்து 1963-இலும், மேகாலயா, மணிப்பூர், திரிபுரா 1972-இலும், மிசோரம், அருணாசலப் பிரதேசம் 1987-இலும் மாநிலங்களாயின. சிக்கிம் 1975-இல் ஒன்றியத்தில் சேர்ந்தது. 2000-இல் சத்தீஸ்கர், உத்தராஞ்சல், ஜார்க்கண்ட் அமைந்தபோது மொழியை விட வட்டார வளர்ச்சியே பெரிதும் பேசப்பட்டது.

2019 அக்டோபர் 31-இல் இதற்கு மாறான நிகழ்ச்சியாக, ஜம்மு-காஷ்மீர் மாநிலம் இரு யூனியன் பிரதேசங்களாக்கப்பட்டது. 2020-இல் தாத்ரா நாகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாயின. இன்று மாநிலங்கள் 28. யூனியன் பிரதேசங்கள் 8.

எல்லைக்கு அப்பால்

வரைபடத்தில் கோடு கிழிப்பது எளிது. கடன், சொத்து, அரசு ஊழியர், ஆற்று நீர் ஆகியவற்றைப் பங்கிடுவதே கடினம். 1966 முதல் சண்டிகர் இரு மாநிலங்களுக்கும் தலைநகராக விளங்குகிறது. ஹைதராபாத் பொதுத் தலைநகராக இருக்க 10 ஆண்டுக் காலம் அனுமதிக்கப்பட்டு, 2024 ஜூனில் அது முடிவுற்றது. எனவே ஒரு சீரமைப்பின் வெற்றியை மாநிலம் பிறந்த நாளைக் கொண்டு மட்டும் மதிப்பிட இயலாது. இப்பங்கீடு எவ்வளவு நியாயமாக நிறைவேறியது, கடைக்கோடிக் கிராமத்திற்கு நிர்வாகம் எவ்வளவு நெருங்கி வந்தது என்பவையே அதற்கு உரிய அளவுகோல்கள்.