கணித உயர்கல்வியும் ஒரு தாழ்ந்த தரமும்

பல்கலைக்கழகத்திற் கணிதம் பயிலும் மாணவி ஒருத்தி மூன்று ஆண்டுகள் சிறப்பாகக் கற்று வருகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பாடங்களில் 'ஏ' தரம் பெற்றிருக்கின்றாள். அமெரிக்கா சென்று கலாநிதிப் பட்டத்திற்குப் படிக்கவேண்டும் என்பது அவளுடைய விருப்பம். அவ்வேளையில் பகுப்பியற் பாடத்தில் ஒரு 'சீ' வந்து சேருகின்றது. "இனி விண்ணப்பித்துப் பயன் என்ன?" என்று அவள் சோர்ந்துவிடுகின்றாள். வீட்டாரோ, "ஒரு பாடந்தானே, யார் கவனிக்கப் போகின்றார்கள்?" என்று தேற்றுகின்றனர். நேயர்களே, இவ்விரு கூற்றுக்களும் முழு உண்மையல்ல. அந்த ஒரு தரம் எவ்வாறு நோக்கப்படுகின்றது என்பதை இன்று ஆராய்வோம்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். சம நிறையுள்ள முப்பது பாடங்களில் இருபத்தொன்பதில் நான்கு புள்ளிகள் கொண்ட 'ஏ' தரமும், ஒன்றில் இரண்டு புள்ளிகள் கொண்ட 'சீ' தரமும் பெற்றவரின் சராசரி 3.93 ஆகும். நான்கிலிருந்து இறங்கியது 0.07 மட்டுமே. சராசரியை மாத்திரம் நோக்கினால் வீட்டார் கூறியது சரியென்றே தோன்றும். ஆனால் விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் சராசரியோடு நின்றுவிடுவதில்லை.

அமெரிக்காவில் இளமாணிப் பட்டம் பெற்றவர், முதுமாணிப் பட்டம் இன்றியே கலாநிதிப் படிப்பிற் சேரலாம். கணிதத் துறைகள் பலவற்றில், தெரிவு செய்யப்பட்டவருக்குக் கல்விக் கட்டணம் விலக்கப்படும். கற்பித்தற் பணிக்காக மாதந்தோறும் உதவிப்பணமும் கிடைக்கும். ஒரு மாணவருக்காக ஐந்தாறு ஆண்டுகள் பொருள் செலவிடப்போகும் துறை எளிதில் முடிவு செய்யுமா? ஆகவே, அத்துறைப் பேராசிரியர் சிலர் குழுவாக அமர்ந்து விண்ணப்பங்களைப் படிக்கின்றனர். அவர்கள் முன் இருப்பவை பெறுபேற்றுப் பதிவு, பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள், மாணவர் எழுதிய நோக்கக் கூற்று ஆகியவை. கணிதத்திற்கென நடத்தப்படும் ஜீ.ஆர்.ஈ. பாடப் பரீட்சையை 2020ஆம் ஆண்டின் பின் பல துறைகள் கட்டாயமாகக் கேட்பதில்லை. அத்தகைய இடங்களிற் பெறுபேற்றுப் பதிவுக்கும் கடிதங்களுக்குமே நிறை அதிகம்.

அப்பேராசிரியர் மனத்தில் எழும் வினா, "இவர் இங்கு வந்து நிலைப்பாரா?" என்பதே. சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மாணவர் தகுதிகாண் பரீட்சைகளிற் சித்தியடைய வேண்டும். பல துறைகளில் அவை பகுப்பியல், அட்சரகணிதம் ஆகியவற்றிலேயே நடைபெறுகின்றன. ஆகவே, எந்தப் பாடத்தில் அந்தச் 'சீ' வந்தது என்பதே முதன்மையானது. முதலாம் ஆண்டு இரசாயனவியலில் வந்திருந்தால் பொருட்படுத்துவார் இலர். நுண்கணிதத்தில் ஆரம்பத்திற் சறுக்கி, பின்னர் பகுப்பியலில் உயர்ந்திருந்தால் அது வளர்ச்சியையே காட்டும். இறுதியாண்டுப் பகுப்பியலில் வந்திருந்தால், வாசிப்பவர் சற்றே நின்று யோசிப்பார். அவ்வாறு யோசிப்பது ஐயமேயன்றித் தீர்ப்பன்று. ஐயத்திற்கு விடை அளிக்க முடியும்.

அவ்விடையைச் செயலால் அளிப்பதே சிறந்தது. பகுப்பியலில் வழுக்கியவர், அதன்மேல் எழும் சிக்கலெண் பகுப்பியலையோ வேறோர் உயர் பாடத்தையோ எடுத்து நன்றாகச் செய்தாராயின், முன்னைய 'சீ' தன் வலிமையை இழந்துவிடும். அஞ்சி இலகுவான பாடங்களின் பக்கம் ஒதுங்கினால், அந்தச் 'சீ' கூறியது மெய்யென்று தாமே ஒப்புக்கொண்டவராவார்.

அடுத்தது ஆசிரியரின் கடிதம். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில், ஒரு பாடத்திற் சித்தியடையாது மீண்டும் தோற்றுபவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாகச் 'சீ' தரத்திற்கு மேற் பெறுவதில்லை. அது விதி வகுத்த எல்லையேயன்றித் திறமையின் அளவன்று. பிற நாட்டுப் பேராசிரியர் இதனை அறிந்திருக்கமாட்டார். அம்மாணவரைக் கற்பித்த விரிவுரையாளர் இரண்டு வரிகளில் இதனை விளக்கி, வகுப்பில் மாணவரின் நிலையையும் எடுத்துரைத்தால் பேருதவியாகும். நோய், குடும்பத் துயர் முதலிய காரணங்களையும் மாணவரே நீண்ட முறையீடாக எழுதுவதினும் ஆசிரியர் சுருக்கமாகக் குறிப்பிடுவது மதிப்புடையது. பெறுபேற்றை மறைக்க மட்டும் எவரும் எண்ணலாகாது. முழுப் பதிவையும் சமர்ப்பிக்கவேண்டும் என்பது விதி. மறைத்தமை பின்னர் வெளிப்படின், கிடைத்த இடமும் பறிபோகும்.

இங்கே இரு கணித அறிஞரின் வரலாற்றைக் கூறுதல் பொருந்தும். அமெரிக்கரான ஸ்டீவன் ஸ்மேல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இளமாணி வகுப்பிலும் 'சீ' தரங்கள் பெற்றவர். பட்டப்பின் படிப்பின் தொடக்க ஆண்டுகளிலும் அவ்வாறே பெற்று, விலக்கப்படுவீர் என்ற எச்சரிக்கைக்கும் ஆளானவர். அதன்பின் ஊக்கத்துடன் கற்று 1957இற் கலாநிதியானார். 1966இற் பீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். கொரியாவிற் கற்ற ஜூன் ஹு என்பவர் முதற் பட்டத்தை முடிக்க ஆறு ஆண்டுகள் எடுத்தார். பீல்ட்ஸ் பதக்கம் பெற்ற ஹிரோனாகா அவருக்காகச் சிறந்த பரிந்துரைக் கடிதம் எழுதியும், 2009இல் அவர் விண்ணப்பித்த ஏறத்தாழப் பன்னிரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுள் இல்லினோய் ஒன்றே இடமளித்தது. அவரும் 2022இற் பீல்ட்ஸ் பதக்கம் பெற்றார்.

இவ்வரலாறுகளைக் காட்டி, தரங்கள் பொருளற்றவை என்று சொல்வது தவறு. ஜூன் ஹுவின் முன் பல கதவுகள் மூடிக்கொண்டன என்பதை மறத்தலாகாது. அவருடைய பதிவிலோ குறை ஒன்றன்று, பல. ஒரே ஒரு பாடத்திற் சறுக்கியவர் அவரினும் நல்ல நிலையில் இருக்கின்றார். அத்தகையவர் பெரும்புகழ் வாய்ந்த பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமன்றி, நடுத்தரமானவற்றுக்கும் விண்ணப்பித்தல் விவேகமாகும். முதலில் முதுமாணிப் பட்டம் பெற்று, அதன் பெறுபேற்றோடு விண்ணப்பிப்பதும் நல்ல வழியே.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெறுபேறு வந்த அன்று, "ஏன் 'சீ' வந்தது?" என்று துருவித் துருவிக் கேளாதீர்கள், "அது ஒன்றுமில்லை" என்று தள்ளியும் விடாதீர்கள். "அடுத்து எந்தப் பாடம் எடுக்கப் போகின்றாய்? யாரிடம் யோசனை கேட்கப் போகின்றாய்?" என்று கேளுங்கள். விண்ணப்பம் எழுதும் நாள்வரை பிள்ளை செய்யக்கூடியவை இன்னும் பல இருக்கின்றன.